குவைத்தில் ஜெயித்தோம், குவாஹாட்டியில் தோற்றோம்

2023 நவம்பர் 16 இரவு. குவைத்தின் ஜாபர் அல் அஹ்மத் ஸ்டேடியத்தில் இந்தியா-குவைத் கால்பந்து ஆட்டத்தின் 75ஆவது நிமிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. லாலியன்சுவாலா சாங்டே இடப்பக்க ஓரத்திலிருந்து பந்தை உள்ளே அனுப்புகிறார். மன்வீர் சிங் இடது காலால் அடித்த அடி வலைக்குள் போய் விழுகிறது. 1-0. கடைசி வரை அந்த ஸ்கோர் மாறவில்லை. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் எதிரணியின் ஊருக்கே போய் இந்தியா ஜெயித்தது 2001-க்குப் பிறகு அன்றுதான்.

அன்றிரவே நாங்கள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டோம். ஏ பிரிவில் நான்கு அணிகள்: கத்தார், குவைத், ஆப்கானிஸ்தான், இந்தியா. முதல் இரண்டு இடத்தில் வருபவர்கள் மூன்றாம் சுற்றுக்குப் போவார்கள். கத்தார் ஆசிய சாம்பியன், அவர்களை விட்டுவிடலாம். இரண்டாம் இடத்துக்கான போட்டி குவைத்தோடுதான். அவர்களை அவர்கள் ஊரிலேயே சாய்த்தாயிற்று. ஆப்கானிஸ்தானிடம் இரண்டு ஆட்டத்திலும் ஜெயித்து, குவைத் இங்கே வரும்போது ஒரு டிரா எடுத்தால் போதும். இந்தியா ஒருமுறைகூட எட்டிப் பார்த்திராத மூன்றாம் சுற்று கைக்கெட்டும் தூரத்தில் நின்றது.

ஏழு மாதம் முடிவதற்குள் எல்லாம் கலைந்துபோனது. ஆறு ஆட்டங்களில் ஒரு வெற்றி, இரண்டு டிரா, மூன்று தோல்வி. ஐந்து புள்ளியோடு நாம் வெளியே, ஏழு புள்ளியோடு குவைத் மேலே. பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் 2024 ஜூனில் நீக்கப்பட்டார்.

குவைத் வெற்றியே அதிர்ஷ்டத்தில் வந்தது என்று பிற்பாடு நிறையப் பேர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நன்றாக ஆடித்தான் ஜெயித்தோம். எந்த வகை ஆட்டத்தை நன்றாக ஆடினோம் என்ற கேள்விதான் அந்த உற்சாகத்தில் எழவில்லை. வெளி மைதானத்தில் ஜெயிப்பது ஒரு வித்தை, சொந்த மைதானத்தில் ஜெயிப்பது வேறொரு வித்தை. முதலாவது கடினமானது என்பதால், அது கைவந்துவிட்டால் இரண்டாவது தானாகவே வந்துவிடும் என்று ரசிகர் மனம் நம்பிவிடுகிறது. கால்பந்தில் அப்படி நடப்பதில்லை.

சொந்த மண்ணின் பலம் எங்கே இருக்கிறது?

முதலில் அந்தக் கடினம் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் 2018-19 சீசனில் மொத்தம் 380 ஆட்டங்கள். சொந்த மைதானத்தில் ஆடிய அணி ஜெயித்தவை 181. வெளியிலிருந்து வந்த அணி ஜெயித்தவை 128. மீதி 71 டிரா. யார் பலசாலி, யார் நோஞ்சான் என்ற கணக்கெல்லாம் இதில் சமமாகிவிடும், ஏனென்றால் ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணியோடும் உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை ஆடுகிறது. எஞ்சி நிற்கும் வித்தியாசம் முழுக்க மைதானம் தருவதுதான்.

ஏன் என்று கேட்டால் பயணக் களைப்பு, பழகிய புல், பழகிய அறை என்று வரிசையாகச் சொல்வார்கள். கொஞ்சம் உண்மைதான். அதன் எல்லையைப் பார்க்க வேண்டுமென்றால் பொலிவியாவின் லா பாஸ் நகருக்குப் போக வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,600 மீட்டர் உயரம். 2009 ஏப்ரலில் மாரடோனா பயிற்சியாளராக இருந்த, மெஸ்ஸி ஆடிய அர்ஜென்டினா அங்கே 6-1 என்று உதை வாங்கியது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2007-ல், 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேச ஆட்டமே கூடாது என்று ஃபிஃபா தடை போட்டுப் பார்த்தது. தென் அமெரிக்காவில் கிளம்பிய எதிர்ப்பில் 2008-லேயே அதைக் கைவிட்டது. ஆனால் உலகத்தில் எத்தனை மைதானம் லா பாஸ் மாதிரி இருக்கிறது? சமதரையில், இரண்டு மணி நேர ரயில் பயண தூரத்தில் இருக்கும் இரண்டு இங்கிலாந்து அணிகளுக்கு இடையிலும் அந்த வித்தியாசம் இருக்கிறதே!

அதில் பெரிய பங்கு நடுவரின் காதில் இருக்கிறது. 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், தகுதி பெற்ற 40 நடுவர்களை உட்கார வைத்து லிவர்பூல், லெஸ்டர் அணிகள் மோதிய ஓர் ஆட்டத்தின் 47 மோதல்களைக் காட்டினார்கள். ஒரு பகுதிப் பேருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மற்றவர்களுக்குச் சத்தமே இல்லாமல். சத்தத்தோடு பார்த்தவர்கள் சொந்த அணிக்கு எதிராக ஊதிய ஃபவுல்கள் 15.5 சதவீதம் குறைவு. அதே காட்சி, அதே விதி. ஸ்பெயின் லீக்கைப் பார்த்து 2005-ல் வந்த ஆய்வு இன்னும் சுவாரசியம். சொந்த அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் நடுவர் கடைசியில் கூட்டித் தரும் நேரம் (இன்ஜுரி டைம்), அந்த அணி ஒரு கோல் முன்னால் இருக்கும்போது தருவதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. யாரும் காசு வாங்கவில்லை, யாரும் திட்டமிடவில்லை. ஐம்பதாயிரம் பேர் ஒரே சமயத்தில் கத்தினால் மனிதனுக்கு என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது.

இதையெல்லாம் சோதித்துப் பார்க்க யாரும் கேட்காத ஒரு வாய்ப்பு கொரோனா காலத்தில் கிடைத்தது. 2020-21 சீசனில் பிரீமியர் லீக் ஏறக்குறைய முழுவதும் காலி இருக்கைகளுக்கு முன்னால் நடந்தது. சொந்த அணி ஜெயித்தது 144, வெளி அணி ஜெயித்தது 153. இங்கிலாந்தின் மேல்மட்ட லீக் வரலாற்றில் வெளி அணிகள் அதிகம் ஜெயித்த சீசன் அதற்கு முன் ஒன்றுகூட இல்லை. புல் அதே புல், அறை அதே அறை. கூட்டம் மட்டும்தான் இல்லை. அர்ஜென்டினா பதினைந்து வருடம் கழித்து லா பாஸில் ஜெயித்ததும் அதே 2020 அக்டோபரில், ரசிகர்கள் இல்லாத மைதானத்தில்தான். மலை இறங்கிவிடவில்லை, அதனால் இதைத் தற்செயல் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது குவைத்துக்கு வருவோம். அந்த நாட்டில் சுமார் பத்து லட்சம் இந்தியர்கள் வாழ்கிறார்கள், மக்கள் தொகையில் ஐந்தில் ஒருவர். அன்று அந்த ஸ்டேடியத்தில் நீலச் சட்டைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. நம் பாஸுக்குக் கைதட்டல், அவர்கள் ஃபவுலுக்கு ஊளை. வேலை முடிந்து பஸ் பிடித்து வந்து உட்கார்ந்த அந்தக் கூட்டம், எதிரணி ஊரின் பலத்தில் நல்ல பங்கைப் பிடுங்கிக்கொண்டது. வெற்றியின் மதிப்பை இது குறைக்காது. ஆனால் வெளி மைதானத்தில் ஜெயித்த அணி என்ற பட்டத்தை எழுதும்போது பேனாவைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டியிருக்கலாம்.

வெளியூர்க்காரனின் வித்தை

உலகக் கால்பந்தின் மிகப் பெரிய அவே வெற்றி, அதாவது வெளி மைதான வெற்றி, எது என்று கேட்டால் நான் 1950 ஜூலை 16-ஐத்தான் சொல்வேன். ரியோவின் மரக்கானா மைதானம். அதிகாரபூர்வ எண்ணிக்கையே 1,73,850 பேர். உலகக் கோப்பையை வெல்ல பிரேசிலுக்கு ஒரு டிரா போதும், உருகுவேக்கு வெற்றி வேண்டும். இரண்டாம் பாதி தொடங்கிய இரண்டாவது நிமிடம் ஃப்ரியாசா கோல் அடித்துவிட்டார். மைதானம் அதிர்ந்திருக்கும்.

அடுத்து நடந்ததுதான் விஷயம். உருகுவே கேப்டன் ஒப்துலியோ வரேலா வலைக்குள் கிடந்த பந்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அவசரமே இல்லாமல் நடந்து நடுவர் ஜார்ஜ் ரீடரிடம் போனார். ஆஃப்சைடு என்று வாதாட ஆரம்பித்தார். ரீடர் ஆங்கிலேயர். இவருக்கு ஸ்பானிஷ்தான் தெரியும். பேச்சு எப்படி முடியும்? முடியக் கூடாது என்பதுதான் வரேலாவின் நோக்கம். அது சுத்தமான கோல் என்று அவருக்கும் தெரியும். அந்த ஆரவாரம் தானாக அடங்கும்வரை பந்தை நடுவில் வைக்க விடக் கூடாது, அவ்வளவுதான். கொண்டாடிக்கொண்டிருந்த கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக எரிச்சலடைந்து, பிறகு என்ன நடக்கிறது என்று புரியாமல் தணிந்தது. அப்புறம்தான் ஆட்டம் தொடர்ந்தது. 66-ல் ஸ்கியாஃபினோ, 79-ல் கிக்கியா. 2-1.

வெளியிலிருந்து வரும் அணிக்குத் தேவையான எல்லாமே அந்த ஒரு நடையில் இருக்கிறது. கூட்டத்தைத் தோற்கடிக்க முடியாது. களைப்படைய வைக்கலாம். கோல் கிக்கை நிதானமாக எடுப்பது, த்ரோ இன்னுக்கு ஆள் மாற்றுவது, விழுந்தால் கொஞ்சம் கூடுதலாகப் படுத்திருப்பது, எல்லாமே ஆட்டத்தின் ஓட்டத்தை வெட்டுவதற்கு. நம் அணி இதைச் செய்தால் சாமர்த்தியம் என்போம், எதிரணி செய்தால் நேரம் கடத்துகிறான் என்று திட்டுவோம். நானும் அப்படித்தான்.

இதற்குப் பின்னால் எளிய ஒரு தர்க்கம் இருக்கிறது. சொந்த ஊரில் ஆடுகிறவன் ஜெயித்தாக வேண்டும். கூட்டம் காசு கொடுத்து வந்திருக்கிறது, எதிர்பார்க்கிறது. ஐம்பது நிமிடம் கோல் இல்லை என்றால் முனகல் வரும். எழுபது நிமிடம் ஆனால் முன்னே ஏறச் சொல்லி அலறல் வரும். ஏறினால் பின்னால் இடம் திறக்கும். வெளி அணிக்கு அந்த இடம்தான் வேண்டும். அது ஆட்டத்தை உருவாக்க வேண்டியதில்லை. ஒழுங்காக அடைத்து நின்று, பந்து கிடைக்கும்போது வேகமாக ஓட இரண்டு பேரை வைத்திருந்தால் போதும். சாங்டே மாதிரி ஓரத்தில் பறக்கிற ஆள் இருந்தால் இன்னும் நல்லது. கோலில்லாமல் 75 நிமிடம் போன பிறகு பதற வேண்டியது குவைத், இந்தியா அல்ல.

விதிகளும் இந்த மனநிலையை வளர்த்தன. வெற்றிக்கு இரண்டு புள்ளி என்றிருந்த காலத்தில் உள்ளே ஜெயி, வெளியே டிரா செய் என்பதே பயிற்சியாளர்களின் பாலபாடம். இங்கிலாந்து 1981-ல் மூன்று புள்ளிக்கு மாறியது, உலகக் கோப்பையில் 1994-ல் வந்தது. அதன் பிறகு வெளியே போய் ஒரு புள்ளியோடு திரும்புவது அவ்வளவு லாபமாக இல்லை. ஐரோப்பியக் கோப்பைகளில் அவே கோலுக்குக் கூடுதல் மதிப்பு என்ற விதி 1965-ல் தொடங்கி 2021 வரை இருந்தது.

ஆனால் வெளி மைதான வெற்றியிலிருந்து ஓர் அணி எதை நோக்கிப் போக வேண்டும் என்பதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது லெஸ்டர் சிட்டியின் 2015-16 சீசன். 2016 பிப்ரவரி 6-ல் அவர்கள் மான்செஸ்டர் சிட்டி மைதானத்தில் 3-1 என்று ஜெயித்தார்கள். மூன்றாவது நிமிடமே ராபர்ட் ஹூத், பாதி முடிந்து வந்ததும் மெஹ்ரஸ், 60-ல் மறுபடி ஹூத் கார்னரிலிருந்து தலையால் முட்டியது. பந்து பெரும்பாலும் சிட்டியின் கால்களில்தான் இருந்தது. கோல்கள் மட்டும் லெஸ்டரிடம். லெஸ்டர் சாம்பியன் ஆகிவிடுமோ என்று உலகம் நிஜமாகவே யோசிக்கத் தொடங்கிய நாள் அது. எல்லாரும் நினைவில் வைத்திருப்பதும் அதைத்தான்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மூன்று வாரம் கழித்து, பிப்ரவரி 27 அன்று, சொந்த மைதானத்தில் நார்விச்சோடு நடந்த ஆட்டம். நார்விச் அட்டவணையின் அடியில் கிடந்த அணி. அது முன்னே அதிகம் ஏறவில்லை, அதனால் பின்னால் இடமும் அதிகம் இல்லை. சிட்டியை வீழ்த்திய ஓட்டத்துக்கு இங்கே வேலையே கிடையாது. நேரம் போகப் போகப் பயிற்சியாளர் கிளாடியோ ரானியேரி தாக்குதல் ஆட்களை இறக்கிக்கொண்டே இருந்தார். 89ஆவது நிமிடத்தில், மாற்று ஆளாக வந்த உலோவா, மார்க் ஆல்பிரைட்டன் ஓரத்திலிருந்து அனுப்பிய பந்தைக் கோல் வாய்க்கருகில் தட்டிவிட்டார். 1-0. பார்க்க அழகான ஆட்டம் இல்லை. ஆனால் சாம்பியன் பட்டம் அந்த மாதிரி ஆட்டங்களில்தான் கிடைத்தது. மார்ச்சிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் லெஸ்டர் வரிசையாக 1-0 என்று ஜெயித்தது, உள்ளேயும் வெளியேயும். சீசன் முடிவில் உள்ளே 12 வெற்றி, வெளியே 11. இரண்டு வித்தையும் கைவந்த அணியின் கணக்கு அப்படித்தான் இருக்கும்.

தலைகீழ் உதாரணமும் உண்டு. 1991-92-ல் இங்கிலாந்து சாம்பியனான லீட்ஸ் யுனைட்டட், அடுத்த சீசனில் வெளியே 21 ஆட்டம் ஆடி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. உள்ளே ஒரே ஒரு தோல்விதான். 17ஆம் இடத்தில் முடித்து எப்படியோ தப்பியது. அதே பதினோரு பேர், அதே பயிற்சியாளர், ஊர் மாறினால் வேறு அணி.

நம் ஊரில் நாம்

இனி அந்தத் தகுதிச் சுற்றில் இந்தியா சொந்த மண்ணில் ஆடிய மூன்று ஆட்டங்கள். குவைத் வெற்றி முடிந்து ஐந்தாவது நாள் புவனேஸ்வரில் கத்தாரிடம் 0-3. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கத்தார் வேறு தரம். 2024 மார்ச் 26-ல் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2. ஜூன் 6-ல் கொல்கத்தாவில் குவைத்தோடு 0-0. மூன்று ஆட்டத்திலும் சேர்த்து நாம் அடித்தது ஒரே கோல், அதுவும் சுனில் சேத்ரியின் பெனால்ட்டி. ஆறு ஆட்டத்தில் ஓட்டத்தில் வந்த கோல்கள் இரண்டுதான். ஒன்று குவைத்தில் மன்வீர் அடித்தது, மற்றது கத்தாரின் தோஹாவில் சாங்டே அடித்தது. இரண்டுமே வெளியே.

குவாஹாட்டி ஆட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆப்கானிஸ்தானின் முன்னணி வீரர்கள் பலர் தங்கள் சம்மேளனத்தோடு தகராறில் அணிக்கே வரவில்லை. ஐந்து நாள் முன்னால் சவூதியின் அப்ஹாவில் அதே அணியோடு 0-0 முடித்திருந்தோம். அதாவது முனை மழுங்கிய எதிரணி, சொந்த மைதானம், சேத்ரியின் 150ஆவது சர்வதேச ஆட்டம். 38ஆவது நிமிடம் பெனால்ட்டி கிடைத்தது, அவரே அடித்தார். அதன் பிறகு செய்ய வேண்டியது ஆட்டத்தை நம் வசம் வைத்துக்கொள்வது. பந்தைப் பொறுமையாகச் சுற்றவிட்டு எதிரியை ஓடவிட்டு இன்னொரு கோலுக்கு வழி தேடுவது. அது நம்மிடம் இல்லை. 70ஆவது நிமிடம் ரஹ்மத் அக்பரி சமன் செய்தார். 88-ல் நம் கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து பெனால்ட்டி பெட்டிக்குள் ஃபவுல் செய்ய, ஷரீஃப் முகம்மத் பெனால்ட்டியில் முடித்தார்.

ஆப்கானிஸ்தானின் பயிற்சியாளர் யார் தெரியுமா? ஆஷ்லி வெஸ்ட்வுட். பெங்களூரு எஃப்.சி.யைத் தொடங்கிய காலத்தில் நடத்தி அன்றைய இந்திய முதல்நிலை லீக்கான ஐ-லீக்கில் இரண்டு பட்டம் வாங்கிக் கொடுத்தவர். இந்திய ஆட்டக்காரர்களைப் பந்தை வைத்துக்கொள்ள விட்டால் என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியாதா? 2025 ஜூனில் ஹாங்காங் பயிற்சியாளராக வந்து அதே மனிதர் மறுபடியும் நம்மை 1-0 என்று தோற்கடித்தார்.

கொல்கத்தா ஆட்டம் சேத்ரி விடைபெறும் ஆட்டமாக அறிவிக்கப்பட்டது (பிறகு 2025 மார்ச்சில் திரும்பி வந்தார் என்பது வேறு கதை). சால்ட் லேக் ஸ்டேடியம் நிரம்பி வழிந்தது. ஜெயித்தால் மூன்றாம் சுற்றுக்குப் பாதி வாசல் திறந்துவிடும். குவைத்தில் நாம் செய்ததைக் குவைத் இங்கே செய்தது. அடைத்து நின்றது, காத்திருந்தது. நாம் ஏறினோம், வழி தெரியாமல் குறுக்கே கிராஸ் போட்டுக்கொண்டிருந்தோம். கண்ணீர், மாலை, மைதானத்தைச் சுற்றி வரும் நடை எல்லாம் இருந்தது, கோல் மட்டும் இல்லை. தோஹாவில் கடைசி ஆட்டத்தில் கோட்டைத் தாண்டிப் போன பந்தை உள்ளே இழுத்துக் கத்தார் அடித்த கோலை நடுவர் கொடுத்தது பெரிய அநியாயம், மறுக்கவில்லை. ஆனால் அந்த நிலைக்கு நாம் போயிருக்கவே கூடாது.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது, அதைப் பற்றி நம்மூரில் அதிகம் பேசுவதில்லை. நமக்குச் சொந்த மைதானம் என்று ஒன்று இருக்கிறதா? அந்தச் சுற்றில் மூன்று ஆட்டம், மூன்று ஊர்: புவனேஸ்வர், குவாஹாட்டி, கொல்கத்தா. அடுத்த ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் வங்கதேசத்தோடு ஷில்லாங், சிங்கப்பூரோடு கோவா. ஒவ்வொரு ஊரிலும் புல் வேறு, குளிர் வேறு, கூட்டத்தின் பழக்கம் வேறு. பொலிவியா பல வருடம் லா பாஸை விட்டு இறங்காமல் இருந்தது எதற்காக? ஆட்டத்தை நாட்டின் எல்லா மூலைக்கும் கொண்டுபோக வேண்டும் என்ற சம்மேளனத்தின் எண்ணம் நல்லதுதான், நட்பு ஆட்டங்களுக்கு அதைச் செய்யட்டும். புள்ளிக்கு ஆடும் ஆட்டத்தில் வீட்டை மாற்றிக்கொண்டே இருந்தால் நாமும் பாதி விருந்தாளிதான்.

2023-ல் பெங்களூரு கண்டீரவாவில் தொடர்ந்து ஐந்து ஆட்டம் ஆடி தெற்காசியக் கோப்பையை வென்றோமே என்று கேட்கலாம். வென்றோம், அந்த ஜூலையில் தரவரிசையில் 99ஆம் இடத்துக்கும் வந்தோம். ஒரே இடத்தில் தங்கி ஆடியதன் நிம்மதி அதில் தெரிந்தது. ஆனால் நம் தரத்தை ஒத்த குவைத்தோடு இரண்டு முறை 1-1, லெபனானோடு 0-0. கோப்பை வந்தது பெனால்ட்டி ஷூட்அவுட்டில். ஆட்ட நேரத்துக்குள் அடைத்து நிற்கும் அணியைத் திறக்கும் சாவி அப்போதும் நம்மிடம் இல்லை.

பிறகு 2025-ல் கதை மறுபடி நடந்தது. ஸ்டிமாச்சுக்கு அடுத்து வந்த ஸ்பெயின்காரர் மனோலோ மார்க்கெஸும் போய், பத்து வருடத்துக்கு மேல் கழித்து ஓர் இந்தியர், காலித் ஜமீல், பயிற்சியாளர் ஆனார். முதல் ஆட்டம் ஆகஸ்ட் 29, தஜிகிஸ்தானின் ஹிசோரில், அந்த நாட்டு அணியோடு. ஐந்தாவது நிமிடம் முகம்மது உவைஸின் நீண்ட த்ரோ, அன்வர் அலியின் தலை, கோல். 13-ல் சந்தேஷ் ஜிங்கான் இரண்டாவது. அவர்கள் ஒன்று திருப்பினார்கள், பிறகு கிடைத்த பெனால்ட்டியைக் குர்பிரீத் தடுத்தார். 2-1. இரண்டு கோலையும் அடித்தவர்கள் டிஃபெண்டர்கள். எதிரணி ஊரில் அடைத்து நின்று, செட் பீஸில் (த்ரோ, கார்னர் மாதிரி நின்ற பந்தில்) குத்தி, கோல்கீப்பர் காப்பாற்றிய வெற்றி. எனக்கும் சந்தோஷம்தான், இல்லாமல் போகுமா?

அக்டோபரில் சிங்கப்பூர் போனோம். ஒரு கோல் வாங்கி, இரண்டாம் பாதி தொடங்கியதும் ஜிங்கான் சிவப்பு அட்டை வாங்கிப் பத்துப் பேரோடு நின்று, 90ஆவது நிமிடம் ரஹீம் அலி சமன் செய்தார். மறுபடி வெளியே ஒரு வீரம். ஐந்து நாள் கழித்து, கோவாவின் மட்காவில், அதே சிங்கப்பூர். 14ஆவது நிமிடமே சாங்டே தூரத்திலிருந்து அடித்து முன்னிலை தந்தார். ஜிங்கான் அந்தச் சிவப்பு அட்டையால் வெளியே. பாதி முடிவதற்கு ஒரு நிமிடம் இருக்கும்போது சோங் உய் யங் சமன் செய்தார், 58-ல் அவரே இரண்டாவதையும் போட்டார். 1-2. 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பு அங்கேயே முடிந்தது. குவாஹாட்டியைப்போலவே முன்னிலை, குவாஹாட்டியைப்போலவே 1-2.

அதனால் இப்போதெல்லாம் இந்தியா வெளியே போய் ஜெயித்தால் நான் ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்ப்பது கோலுக்காக இல்லை. முன்னிலை வந்த பிறகு நடு மைதானத்தில் இருப்பவர்கள் பந்தைக் கேட்டு வாங்கினார்களா? சென்டர் பேக்கிடமிருந்து முன்னால் போன பந்தில் எத்தனை தரையில் போனது, எத்தனை ஆகாயத்தில்? எதிரணி பின்னால் போய் அடைத்து நின்ற ஐந்து பத்து நிமிடம் எப்போதாவது வந்ததா, வந்தபோது நாம் என்ன செய்தோம்? வெளி மைதான வெற்றியில் இப்படியான நேரம் ரொம்பக் கொஞ்சம்தான் கிடைக்கும். ஆனால் அடுத்து நம் ஊருக்கு வரும் அணி ஆடப்போவது அந்த ஐந்து பத்து நிமிடத்தைத்தான், தொண்ணூறு நிமிடமும்.